மூடப்படாத ஓடைகள்

ஓஆர்ஏ-01000. ஆரக்கிள் தரவுத்தளத்தோடு சில வருடங்கள் பழகியவர்களுக்கு இந்த எண் மனப்பாடம். காலையில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த நிரல், பதினொரு மணி வாக்கில் இந்த எண்ணைக் காட்டிவிட்டு நின்றுவிடும். திறந்திருக்கும் கர்சர்களின், அதாவது பதிவுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரும் ஓடைகளின், எண்ணிக்கை வரம்பைத் தாண்டிவிட்டது என்று பொருள். சர்வரை நிறுத்தி மறுபடி கிளப்பினால் சரியாகிவிடும். மறுநாள் ஏறக்குறைய அதே நேரத்துக்குத் திரும்ப வரும். பிழை காட்டும் வரியைப் போய்ப் பார்த்தால் அங்கே எந்தக் கோளாறும் இருக்காது. 300 கர்சர்களுக்கு அனுமதி உள்ள இடத்துக்கு அது 301-ஆவதாக வந்து சேர்ந்திருக்கும், அவ்வளவுதான். உண்மையான தவறு வேறெங்கோ, ஒருவேளை வேறொருவர் எழுதிய பகுதியில், காலையிலிருந்து நூற்றுக்கணக்கான முறை சத்தமில்லாமல் நடந்திருக்கும். ஒரு பதிவோடையைத் திறந்தார்கள், வேண்டியதைப் படித்துக்கொண்டார்கள், மூடாமல் போய்விட்டார்கள்.

நிரலாக்கப் பாடநூல்கள் இந்த மூடுதலுக்கு அரைப் பக்கம்கூட ஒதுக்குவதில்லை. திறப்பது எப்படி, படிப்பது எப்படி என்று விரிவாகச் சொல்லிவிட்டு, 'வேலை முடிந்ததும் மூட மறக்காதீர்கள்' என்று ஒரு வரியோடு அடுத்த பாடத்துக்குப் போய்விடும். ஆனால் பல்லாயிரம் பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் ஒரு அமைப்பு நாள் முழுக்க நிலைத்து நிற்குமா என்பதைத் தீர்மானிப்பது அந்த ஒரு வரிதான். அதை மனிதர்களின் ஞாபக சக்தியிடம் விட்டுவைத்தது பெரிய பிழை என்பது என் கருத்து.

கணமும் ஒற்றைப் பதிவும்

1970 ஜூனில், ஐபிஎம்மின் சான் ஹோசே ஆய்வகத்தில் பணியாற்றிய எட்கர் காட், தரவை அட்டவணைகளாக, கணிதத்தில் சொல்லும் கணங்களாகப் பார்க்கலாம் என்று ஒரு கட்டுரை எழுதினார். அதுவரை ஒரு தகவல் வேண்டுமென்றால், அது எந்தக் கோப்பில், எந்தப் பதிவுக்கு அடுத்த பதிவாக இருக்கிறது என்று நிரலாளரே வழிகாட்டிக்கொண்டு போக வேண்டும். காட் அந்தச் சுமையை இறக்கி வைத்தார். 'பாக்கி வைத்திருக்கும் வாடிக்கையாளர்கள் அனைவரும்' என்று கேட்டால் போதும், எப்படித் தேடுவது என்பதைத் தரவுத்தளம் பார்த்துக்கொள்ளும். அதே ஆய்வகத்தில் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 1974-இல் சீக்வெல் என்ற மொழியை முன்வைத்தார்கள். இன்றைய எஸ்க்யூஎல் அதிலிருந்து வந்தது.

கேட்பது எளிதானது. விடையை வாங்கிக்கொள்வதில் ஒரு சிக்கல் இருந்தது. எஸ்க்யூஎல்லின் விடை ஒரு முழுக் கணம். அதில் பத்துப் பதிவுகள் இருக்கலாம், பத்து லட்சமும் இருக்கலாம். அந்த விடையை வைத்துச் சம்பளப் பட்டியலோ மின்கட்டண ரசீதோ தயாரிக்க வேண்டிய கோபால் நிரலோ, பிஎல்/ஒன் நிரலோ ஒரு நேரத்தில் ஒரு பதிவைத்தான் கையாளும். பத்து லட்சத்தையும் ஒரேயடியாக அதன் நினைவகத்தில் கொட்டினால் தாங்காது. இந்த இரண்டு உலகங்களுக்கும் நடுவே போட்ட பாலம்தான் கர்சர். விடையை ஓர் ஓடையாக வைத்துக்கொண்டு, நிரல் கேட்கும்போதெல்லாம் அடுத்த பதிவை அது எடுத்துக் கொடுக்கும். ஓப்பன், ஃபெட்ச், க்ளோஸ் ஆகிய மூன்று கட்டளைகள். அரை நூற்றாண்டாக இவை மாறவே இல்லை.

1988-இல் ஆரக்கிளின் ஆறாம் பதிப்போடு பிஎல்/எஸ்க்யூஎல் வந்தது. ஏடா மொழியின் சாயலில் அமைந்த அது, தரவுத்தளத்துக்குள்ளேயே ஓடும் மொழி. கர்சர் அதில் வெளியிலிருந்து ஒட்டவைத்த வசதியாக இல்லாமல் மொழியின் ஓர் அங்கமாகவே அமைந்தது. கர்சருக்குப் பெயர் சூட்டலாம், அளவுருக்கள் கொடுக்கலாம், அது திறந்திருக்கிறதா என்றே கேட்கலாம். இந்த அத்தியாயத்தின் எடுத்துக்காட்டுகளில் பெரும்பாலானவை அந்த மொழியிலிருந்து வருகின்றன. மூடுதலின் எல்லா முகங்களையும் அதில் பார்த்துவிடலாம்.

திறந்தால் என்ன நடக்கிறது

ஓப்பன் என்றதுமே விடை முழுவதும் தயாராகி எங்கோ ஓரிடத்தில் காத்திருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான க்வெரிகளில் அப்படி நடப்பதில்லை. திறக்கும்போது ஆரக்கிள் முக்கியமாகச் செய்வது இரண்டு. க்வெரியை எப்படி நிறைவேற்றுவது என்ற திட்டத்தைக் கையில் எடுத்துக்கொள்கிறது. எந்த நேரத்துத் தரவைக் காட்டுவது என்பதையும் அப்போதே முடிவு செய்துவிடுகிறது. பதிவுகளைத் தேடும் உழைப்பு, ஃபெட்ச் என்று கேட்கக் கேட்கத்தான் நடக்கிறது.

உள்ளே நடப்பதை மிகத் தெளிவாக எழுதிவைத்தவர் கோட்ஸ் கிராஃபே. அவர் உருவாக்கிய வால்கனோ என்ற ஆய்வு அமைப்பைப் பற்றிய கட்டுரை 1994-இல் வெளியானது. அதன்படி ஒரு க்வெரியின் திட்டம் என்பது செயலிகளால் ஆன ஒரு மரம். அடியில் அட்டவணையைப் படிக்கும் செயலி, அதற்கு மேல் இரண்டு அட்டவணைகளை இணைக்கும் செயலி, அதற்கும் மேல் வரிசைப்படுத்தும் செயலி. ஒவ்வொன்றுக்கும் மூன்றே வேலைகள்: திற, அடுத்ததைக் கொடு, மூடு. உச்சியில் இருப்பது கீழே இருப்பதிடம் கேட்கும், அது தனக்குக் கீழே இருப்பதிடம் கேட்கும். ஒரு பதிவு அடியிலிருந்து ஏறி மேலே வரும். ஆக, நிரலாளர் காணும் கர்சர் என்ற ஓடைக்குள் அதே மூன்று கட்டளைகளால் இயங்கும் பல சிற்றோடைகள் இருக்கின்றன. இன்றும் பல தரவுத்தளங்களின் உட்புறம் இந்த முறையில்தான் இயங்குகிறது.

இந்த மரத்தில் மூடுதல் என்பது மேலிருந்து கீழே இறங்கும் ஒரு செய்தி. வரிசைப்படுத்தும் செயலி பாதியில் இருக்கிறது என்று வையுங்கள். நினைவகத்தில் இடம் போதாமல் டிஸ்க்கில் தற்காலிகக் கோப்புகளை எழுதி வைத்திருக்கும். இணைக்கும் செயலி ஓர் அட்டவணையின் பதிவுகளை ஹாஷ் முறையில் அடுக்கி நினைவகத்தில் வைத்திருக்கும். மூடு என்ற சொல் மேலிருந்து வந்தால்தான் ஒவ்வொன்றும் தன்னிடம் உள்ளதை விட்டுவிட்டு, அதே சொல்லைக் கீழே அனுப்பும். மேலே இருப்பவர் சொல்லாமல் போய்விட்டால், கீழே இருக்கும் எதற்கும் வேலை முடிந்தது தெரியாது.

பதிவுகள் தீர்ந்துவிட்டால் ஓடை தானாகவே மூடிக்கொள்ளக் கூடாதா என்ற கேள்வி நியாயமானது. பிஎல்/எஸ்க்யூஎல்லில் கடைசிப் பதிவையும் எடுத்த பிறகு இன்னொரு முறை ஃபெட்ச் செய்தால் நாட்ஃபவுண்ட் என்ற குறி உண்மையாகும். அப்போதும் கர்சர் திறந்தே இருக்கும். பந்தியில் இதைப் பார்க்கலாம். இலையில் சோறு தீர்ந்துவிட்டது என்பதால் சாப்பிடுபவர் எழுந்துவிடப் போகிறார் என்று பரிமாறுபவர் முடிவு செய்ய முடியாது. இலையில் சோறு இருக்கும்போதே போதும் என்று எழுபவர்களும் உண்டு. அவர் இலையை மடித்தால்தான் முடிந்தது. ஓடை தீர்ந்ததா என்பது தரவுத்தளத்துக்குத் தெரியும், படிப்பவருக்குப் போதுமா என்பது தெரியாது. முன்னும் பின்னும் நகரக்கூடிய கர்சர்களில், கடைசிவரை போனவர் முதல் பதிவுக்குத் திரும்பி வரலாம். ஐயாயிரம் பதிவுகள் கொண்ட விடையில் பத்தைப் பார்த்ததுமே ஒருவருக்குத் தேவை முடிந்துவிடலாம்.

சில மொழிகள் நடுவழியைப் பிடித்திருக்கின்றன. கோ மொழியின் தரவுத்தள நூலகத்தில், கடைசிப் பதிவு வரை படித்துவிட்டால் ஓடை தானாக மூடிக்கொள்ளும். நல்ல வசதிதான். ஆனால் கடைசிவரை படிக்கும் நிரல்களில் மூடும் கட்டளையை எழுதாமலே பழகிப்போனவர், பத்துப் பதிவோடு நிறுத்தும் நிரலிலும் எழுதாமல் விட்டுவிடுகிறார். பிடிமானம் அங்கேதான் நழுவுகிறது.

எதைப் பிடித்து வைத்திருக்கிறது

மூடாத ஓடையின் செலவு என்றால் நினைவகம்தான் முதலில் நினைவுக்கு வரும். அது உண்மைதான், ஆனால் செலவுகளில் அது சிறியது. அடுத்தது எண்ணிக்கை வரம்பு. ஒரு செஷன் ஒரே நேரத்தில் எத்தனை கர்சர்களைத் திறந்து வைத்திருக்கலாம் என்பதை ஓப்பன்_கர்சர்ஸ் என்ற அமைப்பு கட்டுப்படுத்துகிறது. ஆரக்கிளில் அதன் இயல்பான மதிப்பு 50. தரவுத்தளத்தை உருவாக்கித் தரும் கருவி வழக்கமாக அதை 300 ஆக்கிவிடும்.

மூன்றாவது செலவைப் பலரும் யோசிப்பதில்லை. அது காலம். காலை பத்து மணிக்குத் திறந்த கர்சர் பத்து மணியின் தரவைத்தான் காட்ட வேண்டும். பத்தேகாலுக்கு யாராவது ஒரு பதிவை மாற்றினாலும், இந்த ஓடையில் பழைய மதிப்புதான் வர வேண்டும். கணக்குக் கூட்டல் பாதியில் மாறாமல் இருப்பதற்கான உத்தரவாதம் அது. இதற்காகப் பழைய மதிப்புகளை எங்காவது வைத்துக் காப்பாற்றியாக வேண்டும். ஆரக்கிள் அவற்றை அன்டூ என்ற தனிப் பகுதியில் வைக்கிறது. எவ்வளவு நேரம் வைத்திருக்க முயல வேண்டும் என்பதன் இயல்பான மதிப்பு 900 விநாடிகள், அதாவது கால் மணி நேரம். அதன் பிறகு இடம் தேவைப்பட்டால் பழையதன் மேல் புதியது எழுதப்படலாம். ஒவ்வொரு பதிவாக மெதுவாகப் படித்துக்கொண்டிருக்கும் ஒரு நிரல், தனக்கு வேண்டிய பழைய மதிப்பு அழிந்துவிட்டதைக் கண்டால் ஓஆர்ஏ-01555 என்ற பிழையோடு நின்றுவிடும். நீண்ட நேரம் திறந்து கிடந்த ஓடையின் பாதிப்பு ஆரக்கிளில் அந்த ஓடைக்கே திரும்பி வருகிறது.

போஸ்ட்கிரஸ் இதே கேள்விக்கு வேறு பதில் வைத்திருக்கிறது. பழைய மதிப்புகள் அட்டவணைக்குள்ளேயே தங்கியிருக்கும். யாருக்கும் தேவைப்படாதவற்றை வேக்கூம் என்ற துப்புரவுப் பணி பிறகு வந்து நீக்கும். ஒரே ஒரு கர்சர் பழைய காட்சியைப் பிடித்துக்கொண்டு திறந்திருந்தால், அதன் பிறகு மாறிய பதிவுகளின் பழைய பிரதிகளை வேக்கூம் தொட முடியாது. அந்தக் கர்சர் படிப்பது ஓர் அட்டவணையை, வீங்குவது வேறொரு அட்டவணையாக இருக்கும். திறந்து வைத்தவருக்கு எந்தப் பிழையும் வராது. மற்ற எல்லோருடைய க்வெரிகளும் மெல்ல மெல்ல வேகம் குறையும். ஒன்றும் செய்யாமல் பரிவர்த்தனையைத் திறந்து வைத்திருக்கும் செஷனைத் தானாகத் துண்டிக்கும் வசதி 2016-இல் வந்த 9.6 பதிப்பில் சேர்ந்தது. ஆனால் இயல்பு நிலையில் அது அணைக்கப்பட்டே இருக்கிறது. இரண்டு தரவுத்தளங்களும் தங்கள் தங்கள் வழியில் சரிதான். ஆனாலும் தவறு செய்தவருக்கே முதலில் தெரிய வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு ஆரக்கிளின் வழி பிடிக்கும். நான் அந்தக் கட்சி.

ஒரு தவறான நம்பிக்கையையும் இங்கே திருத்த வேண்டும். ஃபார் அப்டேட் என்று சொல்லித் திறக்கும் கர்சர், திறக்கும்போதே தன் பதிவுகள் அனைத்தையும் பூட்டிவிடும். க்ளோஸ் சொன்னால் பூட்டுகள் விடுபட்டுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஆரக்கிளில் அவை கமிட்டிலோ ரோல்பேக்கிலோதான் விடுபடும். மூடுவதன் பொறுப்பு வேறு, பரிவர்த்தனையை முடிப்பதன் பொறுப்பு வேறு. பைத்தானின் எஸ்க்யூலைட் நூலகத்தில் இதே குழப்பம் தலைகீழாக இருக்கிறது. அங்கே இணைப்பை வித் தொகுதிக்குள் வைத்தால் பரிவர்த்தனை முடிந்துவிடும், இணைப்பு மூடாது.

எண் போய்விடும், கர்சர் இருக்கும்

பிஎல்/எஸ்க்யூஎல்லில் ஒரு புரொசீஜருக்குள் அறிவித்த சாதாரண கர்சரை மூட மறந்தால் பெரிய ஆபத்து இல்லை. அந்தப் புரொசீஜர் முடியும்போது மொழியே மூடிவிடும். ஒரு பேக்கேஜின் மட்டத்தில் அறிவித்தது என்றால் செஷன் முடியும்வரை அது திறந்திருக்கும். அடுத்த முறை திறக்கப் போகும்போது 'ஏற்கெனவே திறந்திருக்கிறது' என்று ஓஆர்ஏ-06511 வந்து தடுத்துவிடும். இரண்டிலும் கர்சர்கள் பெருகுவதில்லை.

பெருகுவது டிபிஎம்எஸ்_எஸ்க்யூஎல்லில். க்வெரியின் வாசகம் ஓடும் நேரத்தில்தான் தெரியும் என்ற நிலையில் இந்தப் பேக்கேஜைப் பயன்படுத்துவார்கள். இதில் ஒரு கர்சரைத் திறந்தால் ஓர் எண் கிடைக்கும். அந்த எண்ணை வைத்துத்தான் மற்ற எல்லா வேலையும். அந்த எண்ணை வைத்திருக்கும் மாறி, புரொசீஜர் முடிந்ததும் மறைந்துவிடும். கர்சர் மறையாது. அது வெறும் எண் என்பதால், அதன் பின்னால் ஒரு கர்சர் திறந்திருப்பது மொழிக்குத் தெரியவே தெரியாது. அடுத்த அழைப்பில் இன்னோர் எண், இன்னொரு கர்சர்.

ஒரு புரொசீஜரைக் கற்பனை செய்துகொள்வோம். முதல் வரியில் கர்சரைத் திறக்கிறது. அடுத்து க்வெரியைப் பாகுபடுத்தி, நிறைவேற்றி, பதிவுகளைச் சுற்றிச் சுற்றிப் படிக்கிறது. கடைசி வரியில் மூடுகிறது. படித்துப் பார்ப்பவருக்கு ஒரு குறையும் தெரியாது. இப்போது நடுவில் ஒரு பதிவில் தேதி இருக்க வேண்டிய இடத்தில் வேறேதோ எழுத்துகள் இருக்கின்றன. தேதியாக மாற்றும் வரி விதிவிலக்கை எழுப்புகிறது. கட்டுப்பாடு நேராக எக்ஸெப்ஷன் பகுதிக்குத் தாவுகிறது. அங்கே பிழையைப் பதிவு செய்துவிட்டுப் புரொசீஜர் முடிகிறது. கடைசி வரிக்கு யாரும் வரவே இல்லை. நூறு அழைப்பில் ஒன்றில் தவறான தேதி வந்தால் நூறு அழைப்புக்கு ஒரு கர்சர் கசியும். சோதனைக்குப் போட்ட தரவில் எல்லாத் தேதிகளும் சரியாக இருந்திருக்கும்.

சில மொழிகளில் ஃபைனலி என்ற பகுதி உண்டு. நல்லபடியாக முடிந்தாலும் பிழையில் முடிந்தாலும் அது ஓடும். பிஎல்/எஸ்க்யூஎல்லில் அது கிடையாது. ஆகவே மூடும் வரியை இரண்டு இடங்களில் எழுத வேண்டும்: இயல்பான பாதையின் முடிவில் ஒன்று, எக்ஸெப்ஷன் பகுதியில் ஒன்று. இரண்டாவதில், முதலில் கர்சர் திறந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டு மூட வேண்டும், பிறகு அதே விதிவிலக்கை மறுபடி எழுப்ப வேண்டும். நடுவில் ரிட்டர்ன் எழுதி வெளியேறினால் அதற்கும் ஒன்று. இவ்வளவு வளர்ந்த ஒரு மொழியில் இத்தனை வருடங்களாக இந்த இடைவெளி அடைபடாமல் இருப்பது எனக்கு உண்மையான வருத்தம்.

இன்னொரு கசிவு, ஓடையைக் கைமாற்றிவிடும்போது நடக்கிறது. பிஎல்/எஸ்க்யூஎல் ஒரு ரெஃப் கர்சரைத் திறந்து, அப்படியே ஜாவா நிரலிடம் கொடுத்துவிடும். கொடுத்த பிறகு பிஎல்/எஸ்க்யூஎல் அதை மூட முடியாது, மூடினால் வாங்கியவருக்குப் படிக்க ஒன்றும் இருக்காது. வாங்கியவர் மூட வேண்டும். ஆனால் திறந்த வரி அவர் கண்ணில் படவே இல்லை. அவர் பார்த்தது ஒரு பதிவுத் தொகுப்பைத் திருப்பித் தரும் செயற்கூறு மட்டுமே. இரண்டு குழுக்கள், இரண்டு மொழிகள், நடுவில் ஆளில்லாத ஒரு பொறுப்பு. ஓஆர்ஏ-01000 வரும் இடங்களில் இதை முதலில் சந்தேகிக்கலாம்.

முன்பு இந்தக் கசிவுகள் அதிகம் தெரியாததற்கு ஒரு காரணம் இருந்தது. ஒவ்வொரு பயனரும் காலையில் நிரலைத் திறந்து மாலையில் மூடுவார். அவருடைய செஷன் முடியும்போது அதன் கர்சர்கள் எல்லாமே ஒழிந்துவிடும். பிறகு வலைப் பயன்பாடுகள் வந்தன. இணைப்பு ஒவ்வொன்றையும் புதிதாக ஏற்படுத்துவது நேரம் பிடிக்கும் வேலை என்பதால், சில இணைப்புகளை நிரந்தரமாகத் திறந்து வைத்து மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் கனெக்‌ஷன் பூல் வழக்கத்துக்கு வந்தது. இப்போது செஷன் முடிவதே இல்லை. அன்றாடம் அடித்துச் செல்லப்பட்ட குப்பை சேரத் தொடங்கியது. நிரலில் ஒரு வரியும் மாறாமலே, பழைய பிழை புதிதாக உயிர் பெற்றது.

மூடும்போதே தவறினால்

இந்த விஷயத்தில் அறியப்பட்ட மிகச் சிறந்த வழக்கை மைக்கேல் நைகார்ட், 2007-இல் வெளிவந்த 'ரிலீஸ் இட்!' என்ற நூலில் எழுதியிருக்கிறார். அது நடந்தது ஒரு விமான நிறுவனத்தில், அதன் பெயரை அவர் சொல்லவில்லை. ஒரு நாள் இரவு, பராமரிப்புக்காகத் தரவுத்தளத்தை ஒரு சர்வரிலிருந்து இன்னொரு சர்வருக்குத் திட்டமிட்டு மாற்றினார்கள். மாற்றம் பிசகில்லாமல் முடிந்தது. சில மணி நேரம் கழித்து, பயணிகள் தாங்களே செக்-இன் செய்யும் கியோஸ்க்குகள் அத்தனையும் ஒரே நேரத்தில் நின்றுபோயின. கொஞ்ச நேரத்தில் தொலைபேசியில் தானாகப் பதில் சொல்லும் அமைப்பும் நின்றது.

தேடியபோது காரணம் ஒரு சிறிய ஜாவா செயற்கூறில் இருந்தது. அதை எழுதியவர் மூட மறக்கவில்லை. ஃபைனலி பகுதி எழுதி, அதற்குள் இரண்டு வரிகள் வைத்திருந்தார். முதல் வரி ஸ்டேட்மென்டை மூடுகிறது. அடுத்த வரி இணைப்பை மூடிப் பூலுக்குத் திருப்பித் தருகிறது. பார்க்க முறையான நிரல்தான். தரவுத்தளம் இடம் மாறியதும், பூலில் இருந்த பழைய இணைப்புகள் எல்லாம் மறுமுனை இல்லாதவை ஆகிவிட்டன. அப்படி ஓர் இணைப்பில் க்வெரி அனுப்பும்போது பிழை வந்தது, ஃபைனலி ஓடியது. ஸ்டேட்மென்டை மூடும் வரி, 'இதை விட்டுவிடு' என்று தரவுத்தளத்துக்குச் சொல்ல முயன்றது. சொல்ல ஆளில்லாததால் அந்த வரியே விதிவிலக்கு எழுப்பியது. அடுத்த வரி ஓடவில்லை. இணைப்பு பூலுக்குத் திரும்பவில்லை. இப்படி ஒவ்வொன்றாகப் போய்ப் பூல் காலியானது. அதன் பிறகு வந்த ஒவ்வோர் அழைப்பும் இணைப்புக்காக முடிவில்லாமல் காத்து நின்றது. அந்த அழைப்புகளுக்குப் பதிலை எதிர்பார்த்திருந்த கியோஸ்க் சர்வர்களும் அப்படியே உறைந்தன.

மூடுவதும் ஒரு செயல்தான். அது கம்பி வழியே போகிறது, நேரம் எடுக்கிறது, தோற்கவும் செய்கிறது. மைஎஸ்க்யூஎல்லின் ஜாவா டிரைவரில் பதிவுகளை ஓடையாக வாங்கினால், பாதியில் மூடும்போது மீதிப் பதிவுகள் அனைத்தையும் டிரைவர் படித்து வீசிவிட்டுத்தான் மூடும். பத்துப் பதிவு போதும் என்று மூடியவர், கோடிப் பதிவுகள் வந்து தீரும்வரை காத்திருக்க நேரலாம்.

ஜாவாவின் முக்கிய நூலகங்களை வடிவமைத்தவர்களில் ஒருவரான ஜோஷுவா பிளாக், 'எஃபெக்டிவ் ஜாவா' மூன்றாம் பதிப்பில் ஒரு தகவல் தருகிறார். 2007 நிலவரப்படி, ஜாவாவின் சொந்த நூலகங்களிலேயே க்ளோஸ் பயன்படுத்தப்பட்ட இடங்களில் மூன்றில் இரண்டு பங்கு தவறாக எழுதப்பட்டிருந்தது. மொழியை உருவாக்கியவர்களுக்கே இந்த நிலை என்றால், சாதாரண நிரலாளரைக் கவனக்குறைவானவர் என்று சொல்ல முடியாது. 2011-இல் வந்த ஜாவா 7 இதற்கு மாற்றாக, திறப்பதை ஒரு தொகுதியின் தலையிலேயே எழுதும் வழியைத் தந்தது. தொகுதியை விட்டு எப்படி வெளியேறினாலும், திறந்த வரிசைக்கு எதிர் வரிசையில் எல்லாம் மூடப்படும். ஒன்றை மூடும்போது பிழை வந்தாலும் மற்றவை மூடப்படும். முதலில் வந்த பிழை முதன்மையாக இருக்கும், மூடும்போது வந்தது அதோடு இணைக்கப்படும். விமான நிறுவனத்தின் அந்த இரண்டு வரிகள் இந்த முறையில் எழுதப்பட்டிருந்தால், ஸ்டேட்மென்ட் மூடாவிட்டாலும் இணைப்பு பூலுக்குத் திரும்பியிருக்கும்.

குப்பை சேகரிப்பான் பார்த்துக்கொள்ளாதா என்று ஜாவாவில் பழகியவர்கள் கேட்பார்கள். அது கவனிப்பது ஜாவாவின் நினைவகத்தை மட்டும்தான். ஒரு பதிவுத் தொகுப்பு ஜாவா பக்கத்தில் மிகச் சிறிய பொருள். முந்நூறு இருந்தாலும் நினைவகத்துக்கு நெருக்கடி வராது, சேகரிப்பானுக்கு அவசரமும் இருக்காது. கம்பியின் மறுமுனையில் வரம்பு நிறைந்துவிட்டது அதற்கு எப்படித் தெரியும்? இத்தகைய வேலைக்காக ஃபைனலைஸ் என்ற வசதியை நம்பியிருந்த பழக்கத்தை, 2017-இல் ஜாவா 9 அதிகாரபூர்வமாகவே கைவிடச் சொல்லிவிட்டது.

பிஎல்/எஸ்க்யூஎல்லிலும் நல்ல வழி இருக்கிறது, பலர் அதை எளிமைக்காக மட்டும் பயன்படுத்துகிறார்கள். கர்சர் ஃபார் லூப். இதில் ஓப்பனும் இல்லை, ஃபெட்சும் இல்லை, க்ளோஸும் இல்லை. சுற்று முடிந்தாலும், எக்ஸிட் சொல்லி நடுவில் வெளியேறினாலும், விதிவிலக்கு எழுந்தாலும் மொழியே மூடிவிடும். 10ஜி பதிப்பிலிருந்து, இயல்பான அமைப்பில், நூறு நூறு பதிவுகளாக உள்ளே எடுத்துக்கொள்ளவும் செய்கிறது, அதனால் வேகத்தைக் காரணம் காட்டி ஒதுக்கவும் வழியில்லை. கைமாற்றிவிட வேண்டிய ஓடை, க்வெரி ஓடும் நேரத்தில் உருவாகும் ஓடை ஆகியவற்றைத் தவிர வேறெங்கும் ஓப்பன் என்று எழுதுவதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை.

ஏற்கெனவே கசியும் அமைப்பைக் கையில் எடுத்தால், வரம்பை 300-இலிருந்து 1000 ஆக்கிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். அது பதினொரு மணிக்கு வந்ததை மாலைக்குத் தள்ளிவைக்கும், அவ்வளவுதான். வி$ஓப்பன்_கர்சர் என்ற காட்சியில் ஒரு செஷனின் கர்சர்களை எஸ்க்யூஎல் வாரியாக எண்ணிப் பாருங்கள். முந்நூறும் முந்நூறு வெவ்வேறு க்வெரிகள் என்றால் அந்த அமைப்புக்கு உண்மையிலேயே அதிக வரம்பு தேவைப்படலாம். மேலும் இந்தக் காட்சி, மூடிய பிறகு மறுபயனுக்காகச் சேமித்து வைத்தவற்றையும் சேர்த்துக் காட்டும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். ஒரே க்வெரி இருநூற்றைம்பது முறை நின்றால் அதுதான் கசிவு, அதன் வாசகமே எந்த நிரலைத் திறந்து பார்க்க வேண்டும் என்று சொல்லிவிடும். புதிதாக எழுதுகிறவர்கள் சோதனைச் சூழலில் கர்சர் வரம்பை இருபதுக்கும், பூலை இரண்டு இணைப்புகளுக்கும் இறக்கி வையுங்கள். பிறகு தவறான தேதிகளைக் கொடுத்து ஓட்டுங்கள், ஓடிக்கொண்டிருக்கும்போதே தரவுத்தளத்தை நிறுத்திக் கிளப்புங்கள். மூடப்படாத ஓடை இருந்தால் சில நிமிடங்களில், உங்கள் மேசையிலேயே தெரிந்துவிடும்.